தமிழ்நாட்டில் வெளிப்புறக் குடும்பப் படத்துக்கு ஏற்ற பருவம் எது? முழுமையான வழிகாட்டி

தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி வெளியில் ஒரு நல்ல குடும்பப் படம் எடுக்க, தமிழ்நாட்டின் சமவெளியிலும் கிழக்குக் கடற்கரையிலும் மார்கழியின் பிற்பாதி முதல் மாசி முடிய உள்ள இரண்டரை மாதங்களே சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இந்த விடை கோயம்புத்தூருக்கும் தென்காசிக்கும் ஊட்டிக்கும் அப்படியே பொருந்தாது. ஒரே மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் புழுதி பறக்கக் காய்ந்து கிடக்கும்போது இன்னொரு மாவட்டம் சாரலில் நனைந்துகொண்டிருக்கும். ஆகவே மாதத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வதைவிட, அந்த மாதத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது. முதலில் வெயில், அடுத்து மழை, பிறகு காற்றும் வெப்பமும், அதன் பின்னரே பின்னணி என்ற வரிசையில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இடத்தையும் புடவையையும் முதலில் முடிவு செய்துவிட்டு வெயிலைக் கடைசியில் நினைக்கின்றன. படம் கெடுவதற்கு இதுவே முதல் காரணம்.

முதல் படி: சூரியன் நிற்கும் உயரத்தைப் பாருங்கள்

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையிலும் கன்னியாகுமரி 8 டிகிரியிலும் இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. சென்னையில் இது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நிகழும்; கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நிகழும். இந்த இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் நடுப்பகல் வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்கும்.

அந்த வெயில் முகத்தில் என்ன செய்யும் என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். புருவத்தின் நிழல் கண்குழியை நிரப்பிவிடுகிறது. மூக்கின் நிழல் மேலுதட்டின் மீது மீசைபோல் விழுகிறது. பாட்டியின் மூக்குக் கண்ணாடிச் சட்டம் கன்னத்தில் இரண்டு கறுப்பு வளையங்களை வரைகிறது. நெற்றியும் மூக்கு நுனியும் வியர்வையில் மின்ன, கழுத்துக்குக் கீழே எல்லாம் இருண்டு போகிறது. தாத்தாவின் வெள்ளை வேட்டியில் மடிப்பு ஒன்றுகூடத் தெரியாமல் அது வெறும் வெள்ளைப் பரப்பாகிவிடுகிறது. வேட்டியைக் காப்பாற்றக் கேமராவில் ஒளியைக் குறைத்தால் முகங்கள் கறுத்துவிடுகின்றன. விலை உயர்ந்த கேமரா கையில் இருந்தாலும் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீராது.

இதற்கு எளிமையான ஒரு அளவுகோல் உண்டு. தரையில் விழும் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும் வரை வெயில் முகத்துக்குச் சாதகமாக இருக்கிறது. நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் திறந்தவெளியில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு மரநிழலுக்குப் போய்விடுவதே நல்லது. இந்த அளவுகோலின்படி, சென்னையில் ஏப்ரல் இறுதியில் காலை 9 மணிக்கே திறந்தவெளி வேலை முடிந்துவிடுகிறது. பிற்பகலில் 3 மணி தாண்டிய பிறகே மீண்டும் தொடங்க முடியும். டிசம்பர் இறுதியிலோ காலையில் 10.15 மணி வரை நேரம் கிடைக்கிறது, பிற்பகலில் 2 மணிக்கே வெயில் சாயத் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. எழுந்து, குளித்து, தலை வாரி, பூ வைத்து, பிள்ளைகளுக்கு இரண்டு இட்லி ஊட்டி, எல்லோரையும் காரில் ஏற்றிக் கிளம்பும் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு இந்தக் கூடுதல் ஒன்றேகால் மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். மார்கழி, தை, மாசி மாதங்களை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. குளிர்ச்சி இரண்டாவது காரணம்தான்.

இரண்டாம் படி: உங்கள் மாவட்டத்தின் மழைக்கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் இறுதி வரையிலும், சில ஆண்டுகளில் ஜனவரி முதல் பாதி வரையிலும் நீடிக்கும். கடலோர மாவட்டங்களின் ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில்தான் கொட்டுகிறது. நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் வெளிப்புறப் படத்துக்கு நாள் குறிப்பது புயலோடு பந்தயம் கட்டுவதற்குச் சமம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் கவலையில்லை என்று தென்மாவட்டத்தாரும் நம்பிவிட முடியாது: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளக்காடாயின; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது.

அப்படியிருந்தும் மழைக்காலத்தை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன். இரண்டு காற்றழுத்தத் தாழ்வுகளுக்கு இடையே மூன்று நான்கு நாள்கள் வானம் வெளுத்துக் கிடக்கும். மழை காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிட்டிருக்கும். மரங்கள் அழுக்கு நீங்கிப் பச்சையாக மின்னும். வானத்தில் வெள்ளை மேகங்கள் அடுக்கடுக்காக நிற்கும். உள்ளூரிலேயே இருந்து, ஒரு நாள் முன்னறிவிப்பில் கிளம்பக்கூடிய சிறிய குடும்பத்துக்கு இந்த நாள்கள் பெரும் வாய்ப்பு. வெளியூரிலிருந்து இருபது பேர் வந்து சேர வேண்டிய குடும்பத்துக்கு அவை உதவாது.

மழைக்காலத்தோடு சேர்த்து இரண்டு புகை நாள்களையும் நினைவில் வையுங்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையிலும் போகிப் பண்டிகையன்று காலையிலும் நகரங்களில் புகைமண்டலம் தரையோடு படிந்திருக்கும். படம் சாம்பல் பூத்ததுபோல் வரும், குழந்தைகளுக்கு இருமலும் வரும். சென்னையில் காணும் பொங்கலன்று கடற்கரைப் பக்கம் கேமராவோடு போக வேண்டாம். கூட்டத்தைத் தவிர வேறெதுவும் படத்தில் விழாது.

மூன்றாம் படி: மேற்கும் தெற்கும் மலையும் தனிக்கணக்கு

கொங்கு மண்டலத்தின் மேற்கு ஓரத்திலும் தென்காசிப் பக்கத்திலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள காலத்தை நான் உண்மையான இரண்டாவது பருவமாகக் கருதுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டிவிட்டு வர, மலைக்கு இந்தப் பக்கம் மேகம் மட்டும் மிஞ்சும். கோயம்புத்தூரில் அந்த மாதங்களில் கனமழை குறைவு. ஆனால் நாள் முழுவதும் வானத்தை மேகம் மூடியிருக்கும். மேகம் மூடிய வானம், ஸ்டுடியோவில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணி மூடிய விளக்குப் பெட்டி) வைப்பதைப்போல் எல்லாப் பக்கமிருந்தும் மென்மையான ஒளியைத் தருகிறது. கண்குழி நிழல் இல்லை, கண் கூசல் இல்லை, குழுவில் ஒருவர் முகம் வெயிலிலும் இன்னொருவர் முகம் நிழலிலும் விழும் தொல்லையும் இல்லை. பெரிய குடும்பத்தை மூன்று வரிசையாக நிறுத்தி எடுக்க இதைவிடச் சிறந்த ஒளி கிடையாது. நண்பகலில்கூட எடுக்கலாம் என்பதால் விடியற்காலையில் யாரையும் எழுப்பவும் வேண்டியதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அப்போது பசுமையாக இருக்கும். தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயல்கள் ஜூலை, ஆகஸ்டில் பூத்து நிற்கும். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும் என்பதால் அருவிக்கரையில் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வயல்வெளிகளையும் குளக்கரைகளையும் தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பருவத்தின் ஒரே எதிரி காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கணவாய்ப் பகுதிகளுக்கு மிகையான பேச்சன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே உள்ள ஊர்களிலும், கம்பம் பள்ளத்தாக்கிலும், காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியிலும் புடவை முந்தானையும் வாரிய தலையும் ஐந்து நிமிடம் நிலைக்காது. தோப்புக்குள்ளோ, வீட்டுச் சுவரை ஒட்டியோ, மேட்டின் மறைவிலோ நின்றால் பாதிச் சிக்கல் தீரும். தலைமுடியைப் பின்னிக்கொள்வதும், முந்தானையை மடிப்பெடுத்துக் குத்திக்கொள்வதும் மீதியைத் தீர்க்கும்.

மலைவாசஸ்தலங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் போவதுதான் பலருடைய வழக்கம். படத்துக்கு அது மிக மோசமான காலம் என்று தயங்காமல் சொல்வேன். ஊட்டியில் மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம், கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நகர முடியாத வாகன வரிசை, அதோடு 2024 மே முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் எடுத்தாக வேண்டிய கட்டாயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையில் நனையும்; அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி உள்ளிட்ட கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையைப் பெறும். எஞ்சியிருக்கும் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை வானம் ஆழ்ந்த நீலமாகவும் வெயில் இதமாகவும் இருக்கும். ஆனால் ஊட்டியில் அப்போது புல்வெளியில் உறைபனி படியும் காலைகள் உண்டு. கைக்குழந்தையையும் மூச்சுத்திணறல் உள்ள முதியவரையும் காலை 7 மணிக்கு வெளியே நிறுத்தாமல் 9 மணிக்கு மேல் எடுங்கள். நீலக்குறிஞ்சியைப் பின்னணியாக வைக்க ஆசைப்படுவோர் 2030 வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது கடைசியாக 2018-இல் பூத்தது.

நான்காம் படி: வெப்பத்தை யார் தாங்குவார் என்று கேளுங்கள்

குடும்பத்தில் மிகவும் நலிந்தவருடைய உடல்தான் பருவத்தை முடிவு செய்ய வேண்டும். மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணி, மதுரை போன்ற ஊர்கள் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நாள்களில் ஆறுமாதக் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை உடுத்தி வெளியே நிறுத்துவது குழந்தைக்குச் செய்யும் தீங்கு. சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு அரை மணி நேரம் நின்றாலே தலைசுற்றக்கூடும். பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் என்பது உண்மை. ஆனால் அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் நல்ல பருவத்துக்குள்ளேயே வருகின்றன.

குளிருக்கும் இதே கேள்வி உண்டு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சமவெளியில் அந்தப் பனி யாரையும் பெரிதாக வருத்தாது என்றாலும், விடியற்காலைப் படத்துக்கு வரும் முதியவர்களுக்கு ஒரு சால்வையைக் கொண்டுசெல்லுங்கள். கேமரா தயாரான பிறகு சால்வையைக் கழற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: பின்னணி எப்போது பழுக்கிறது என்று அறியுங்கள்

தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரத்தில் உறவு உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது சம்பா வயலைத்தான். ஆவணி, புரட்டாசியில் விதைத்தும் நட்டும் வளர்ந்த பயிர் கார்த்திகை, மார்கழியில் இடுப்பளவு பச்சையாக நிற்கும். மார்கழிக் கடைசியிலும் தை முதல் வாரங்களிலும் கதிர் சாய்ந்து பொன்னிறமாகும். காலைச் சாய்வெயில் கதிர்களின் பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு நெல்மணியும் விளிம்பில் ஒளிர்வது கேமராவில் அப்படியே பதியும். அரக்கு, மயில்நீலம், கருஞ்சிவப்பு நிறப் புடவைகள் அந்தப் பொன்னிறத்தின் முன்னால் எடுப்பாக இருக்கும். மஞ்சளும் இளம்பச்சையும் வயலோடு கலந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வயலின் சொந்தக்காரரிடம் அறுவடை என்று என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்; அறுவடை இயந்திரம் ஒருநாள் முன்னால் வந்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது தாள்கட்டையும் வைக்கோலும்தான். அடுத்து, தை மாதக் காலையில் வரப்புப் புல் முழுவதும் பனி கோத்திருக்கும். பட்டுப்புடவையின் கரை பத்தடி நடப்பதற்குள் முழங்கால் அளவு நனைந்துவிடும், தரைப்பக்கம் கறுத்தும் தெரியும். ஆகவே வரப்பின் முனை வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து, நிற்கும் இடத்தில் ஒரு பழைய பாயை விரித்து அதன்மேல் நின்று கரையை இறக்கிவிடச் சொல்லுங்கள். படத்தில் பாய் தெரியாத அளவுக்குக் கேமராவைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

வயல் இல்லாதவர்களுக்கும் பருவம் எதையாவது தந்துகொண்டே இருக்கும். தை மாதத்தில் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் ஆவாரை பூத்திருக்கும். சித்திரையில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும்; அதையொட்டிச் செம்மயிற்கொன்றை (குல்மோகர்) சாலைகளைச் சிவப்பாக்கும். கோடைப் படம் தவிர்க்க முடியாதவர்கள் இந்த மரங்களில் ஒன்றைத் தேர்ந்து, காலை 7 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம். மார்கழியில் வீட்டு வாசலே போதும்: பெரிய கோலம், அதன் நடுவில் பூசணிப்பூ, சுற்றிலும் குடும்பம். இந்தப் படத்தை ஆண்டின் வேறெந்த மாதத்திலும் எடுக்க முடியாது.

ஆறாம் படி: முகூர்த்த நாட்காட்டியைப் பாருங்கள்

நல்ல போட்டோகிராபர்களுக்குத் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்யாண வேலை தலைக்குமேல் இருக்கும். வளர்பிறை முகூர்த்த ஞாயிறுகளில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் அன்று மாலை வரவேற்பு நிகழ்ச்சிக்கு ஓடும் அவசரத்தில்தான் இருப்பார்கள். பெரும்பாலான குடும்பங்களில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பலர் புரட்டாசியையும் தவிர்க்கிறார்கள். ஆகவே மார்கழிப் பிற்பாதியில் வெயிலும் சாதகம், போட்டோகிராபரும் சாவகாசமாக இருப்பார், பிள்ளைகளுக்கு விடுமுறை, அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவோரும் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். இத்தனையும் ஒன்றுசேரும் வாரங்கள் ஆண்டில் வேறில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பத்தோடு வருவோருக்கு ஜூலை, ஆகஸ்டே வசதி என்பதால், அவர்கள் கொங்குப் பகுதியிலோ தென்காசியிலோ ஆடி மாதத்து மேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மார்கழி, ஆடி மாதங்களில் நல்ல காரியம் வேண்டாம் என்று பெரியவர்கள் தயங்கினால் அவர்கள் மனத்தை மதித்துத் தை மாதத்தில் முகூர்த்தமில்லாத ஒரு வார நாளுக்கு மாற்றிவிடுங்கள். மனக்குறையோடு வந்து நிற்கும் பாட்டியின் முகத்தில் எந்த ஒளியும் மலர்ச்சியைக் கொண்டுவராது.

ஏழாம் படி: நேரத்தையும் நிற்கும் திசையையும் குறியுங்கள்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. சூரியன் அடிவானத்தை ஒட்டி நின்று பொன்னிற ஒளி தரும் பொன்னொளி நேரம் முக்கால் மணிக்கு மேல் நீடிப்பதில்லை, மறைந்த பிறகு இருட்டுவதும் வேகமாக நிகழ்கிறது. மாலை 5.45-க்குச் சூரியன் மறையும் டிசம்பர் நாளில் 5 மணிக்கு எல்லோரும் உடுத்தித் தயாராக இடத்தில் நிற்க வேண்டும். 5 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் பயனில்லை. ஜூனில் மறைவு 6.35 வாக்கில் என்பதால் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து உதிக்கும். மாலையில் நிலத்தின் பக்கம் மறையும். ஆகவே கடலின்மேல் பொன்னொளி வேண்டுவோருக்கு விடியற்காலை மட்டுமே வழி. டிசம்பரில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது, ஜூனில் அதே அளவு வடக்கே. இதனால் மார்கழிக் காலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் குடும்பத்தின்மேல் ஒளி சற்றுப் பக்கவாட்டாக விழும். நேர் பின்னொளியைவிட இது முகங்களுக்கு நல்லது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற இடங்களில் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன்அனுமதி தேவை என்பதால், கையிலேயே பிடித்து எடுக்கத் திட்டமிடுங்கள்.

சூரியன் சற்று ஏறிவிட்டால் குடும்பத்தை அதற்கு முதுகு காட்டி நிறுத்தி, முன்பக்கத்தில் ரிப்ளெக்டரோ (வெளிச்சத்தை முகத்தின்மேல் திருப்பிவிடும் தட்டு) வெளிறிய சுவரோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனைப் பார்த்து நிறுத்தினால் குழந்தைகள் கண்ணை இடுக்கிக்கொள்வார்கள்.

மழைக்காலத்திலும் கடலோரத்திலும் இன்னொரு சிறு தொல்லை உண்டு. ஏசி அறையிலோ காரிலோ இருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். அரை மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிட்டால் இது நேராது.

எட்டாம் படி: இரண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்

எந்தப் பருவமானாலும் ஒரு முதன்மை நாளையும், அதிலிருந்து ஒரு வாரம் தள்ளி ஒரு மாற்று நாளையும் போட்டோகிராபரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். மழைக்காக நாளை மாற்றினால் முன்பணம் என்னாகும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நாள் முன்பிருந்து சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி அறிவிப்பைப் பாருங்கள்; முந்தின இரவும் அன்று காலையும் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். ஒரு வாரம் முன்பு அதே நேரத்தில் அந்த இடத்துக்கு ஒருவர் போய், ஒருவரை நிறுத்திக் கைபேசியில் இரண்டு படம் எடுத்து வந்தால், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மரநிழல் எங்கே முடிகிறது, பாட்டிக்கு நாற்காலி போடச் சமதரை இருக்கிறதா, கைகழுவவும் கழிப்பறைக்கும் வழி உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அன்றைக்கு முதலில் எல்லோரும் சேர்ந்த படத்தை எடுத்துவிடுங்கள், அதற்கடுத்துப் பெரியவர்களும் பேரக்குழந்தைகளும் உள்ள படம். பிறகு அவர்களை நிழலில் உட்காரவைத்துவிட்டு, தம்பதிகளையும் இளையவர்களையும் மீதமுள்ள வெயிலில் எடுக்கலாம்.